மருந்தே இல்லாத நோயை மக்கள் விரட்டிய வரலாறு

‘நரம்புச் சிலந்தி’ என்ற பெயரை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள். எண்பது வயதைக் கடந்த ஒரு சிலருக்காவது நினைவு வரலாம். காலில் கொப்புளம் கிளம்பும். நெருப்பு வைத்தாற்போல் எரியும். கொப்புளம் உடைந்ததும் உள்ளேயிருந்து வெள்ளை நூல் போல ஒரு புழு தலை நீட்டும். அதை ஒரு குச்சியில் சுற்றி, ஒரு நாளைக்குச் சிறிது சிறிதாக, வாரக்கணக்கில் வெளியே இழுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் புழு உள்ளேயே அறுந்து, புண் சீழ் பிடித்து, நடக்கவே முடியாமல் போய்விடும்.

இளைய தலைமுறைக்கு இந்தப் பெயரே தெரியாது. தெரியாமல் போனதுதான் இந்தக் கட்டுரையின் நற்செய்தி.

ஆங்கிலத்தில் ‘கினி வார்ம்’ எனப்படும் இந்த நோய், 1986-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலுமாக 21 நாடுகளில், ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் பேரை வாட்டியது. 2024-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் இந்நோய் கண்டவர்கள் வெறும் 15 பேர். 35 லட்சம் எங்கே, 15 எங்கே!

இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. இந்த நோய்க்குத் தடுப்பூசி கிடையாது. குணப்படுத்தும் மாத்திரையும் கிடையாது. ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வராது என்ற எதிர்ப்புச் சக்தியும் கிடையாது. அப்படியானால் இதை விரட்டியது யார்?

அந்தந்த ஊர் மக்கள்தான்.

நோய் எப்படி வருகிறது?

குளம், குட்டை, படிக்கிணறு போன்ற தேங்கிய நீரில் ‘சைக்ளோப்ஸ்’ என்னும் மிகச் சிறிய நீர்ப்பூச்சிகள் வாழ்கின்றன. கினிப் புழுவின் குஞ்சுகளை அவை விழுங்கியிருக்கும். அந்தத் தண்ணீரை வடிகட்டாமல் நாம் குடிக்கும்போது பூச்சி வயிற்றில் செரித்துவிடும்; ஆனால் அதற்குள் இருந்த புழுக் குஞ்சு தப்பித்து, குடலைத் துளைத்து உடலுக்குள் சென்றுவிடும். சுமார் ஓராண்டு காலம் எந்த அறிகுறியும் இருக்காது. அதற்குள் பெண் புழு இரண்டு, மூன்று அடி நீளத்துக்கு வளர்ந்து, தோலுக்கடியில் வந்து நிற்கும். பெரும்பாலும் காலில்தான்.

பிறகு கொப்புளம், எரிச்சல். எரிச்சல் தாங்காதவர் என்ன செய்வார்? ஓடிப்போய்க் காலைத் தண்ணீரில் வைப்பார். புழு காத்திருப்பதும் அதற்காகத்தான். தண்ணீர் பட்டவுடன் அது லட்சக்கணக்கில் குஞ்சுகளை வெளியேற்றும். அவற்றைச் சைக்ளோப்ஸ் விழுங்கும். அந்தத் தண்ணீரை ஊரே குடிக்கும். அடுத்த ஆண்டு அதே பருவத்தில் ஊரில் பாதிப்பேர் படுத்துவிடுவார்கள்.

மிகப் பழைய நோய் இது. பாரசீக மருத்துவ மேதை இப்னு சீனா (980-1037) தமது ‘அல்-கானூன்’ நூலில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அரபு மருத்துவர்கள் இதை ‘இர்க் மதீனி’ என்று அழைத்தார்கள். ‘இர்க்’ என்றால் நரம்பு, இரத்தக் குழாய். மதீனாப் பகுதியில் அன்று அதிகம் காணப்பட்டதால் அந்தப் பெயர். இன்றைய அறிவியல் பெயரான ‘டிராகன்குலஸ் மெடினென்சிஸ்’ என்பதிலும் மதீனாவின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அரபு மருத்துவர்களும் நரம்பு என்றார்கள், நம் முன்னோரும் நரம்பு என்றார்கள். தோலுக்கடியில் நெளியும் அந்தப் புழு இரு சாராருக்கும் ஒரே மாதிரிதான் தெரிந்திருக்கிறது.

புறக்கணிக்கப்பட்டது நோயா, மனிதர்களா?

யானைக்கால், தொழுநோய், கருங்காய்ச்சல், கண்பார்வையைப் பறிக்கும் ட்ரக்கோமா, நரம்புச் சிலந்தி போன்றவற்றை உலக சுகாதார அமைப்பு ‘புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள்’ என்ற ஒரே பட்டியலில் வைத்திருக்கிறது. உலகில் நூறு கோடிக்கும் அதிகமானோர் இவற்றால் பாதிக்கப்படுகிறார்கள். ஆனால் இவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். சாலை போய்ச் சேராத ஊர்களில் வாழ்பவர்கள். விலை கொடுத்து மருந்து வாங்க முடியாதவருக்காக எந்த நிறுவனம் மருந்து கண்டுபிடிக்கும்? இந்த நோய்கள் உடனே கொல்வதும் குறைவு. ஆளை முடக்கிப் போடும். சாவு எண்ணிக்கை இல்லாத நோய் செய்தியாவதும் இல்லை.

மாலி நாட்டின் தோகோன் மக்கள் நரம்புச் சிலந்திக்கு வைத்த பெயர் ‘காலிக் களஞ்சியத்தின் நோய்’. விதைப்பும் அறுப்பும் நடக்கும் நாட்களில்தான் புழு வெளியே வரும். வீட்டில் உழைக்கும் கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் பாயில் விழுந்துவிட்டால் களஞ்சியம் எப்படி நிறையும்? 1987-இல் யுனிசெஃப் செய்த ஓர் ஆய்வு, தென்கிழக்கு நைஜீரியாவின் நெல் விவசாயிகள் இந்த நோயால் மட்டும் ஆண்டுக்கு 2 கோடி டாலர் இழக்கிறார்கள் என்று கணக்கிட்டது. வயலுக்குப் போக முடியாத தாய் தந்தையருக்குப் பதிலாகப் பிள்ளைகள் போனார்கள், பள்ளிக்கூடம் காலியானது. நோய் வறுமையைத் தந்தது; வறுமை மீண்டும் அதே குட்டைத் தண்ணீரைக் குடிக்க வைத்தது.

ஊர்தான் மருத்துவமனை

1986-இல் உலக சுகாதாரப் பேரவை இந்த நோயை ஒழிப்பதென்று தீர்மானித்தது. அதே ஆண்டில் அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரின் கார்ட்டர் மையம் இந்தப் பணியை முன்னின்று நடத்த முன்வந்தது. பணமும் நிபுணர்களும் வந்தார்கள். ஆனால் என்ன செய்வது? கொடுக்க மருந்து இல்லை. செய்யக்கூடியவை நான்கே நான்கு.

ஒன்று, குடிநீரைத் துணியில் வடிகட்ட வேண்டும். இரண்டு, புழு வெளிவரும் காலோடு யாரும் குளத்தில் இறங்கக் கூடாது. மூன்று, சைக்ளோப்ஸைக் கொல்லும் மருந்தை நீரில் அளவாகக் கலக்க வேண்டும். நான்கு, முடிந்த இடங்களில் ஆழ்துளைக் கிணறு அமைக்க வேண்டும்.

கவனித்துப் பாருங்கள். இவற்றில் எதையும் நகரத்து மருத்துவர் ஒருவர் வந்து செய்துவிட்டுப் போக முடியாது. ஒரு வீட்டில் ஒவ்வொரு குடம் தண்ணீரும் ஒவ்வொரு நாளும் வடிகட்டப்பட வேண்டும். ஒருவருக்குக் கொப்புளம் கிளம்பிய 24 மணி நேரத்துக்குள் செய்தி வர வேண்டும். அதற்கு அந்தத் தெருவிலேயே, அந்த மக்களில் ஒருவராக, அவர்கள் மொழி பேசும் ஆள் வேண்டும். ஆகவே ஊருக்கு ஒரு தன்னார்வலரை அந்த ஊராரே தேர்ந்தெடுத்தார்கள். வீடுவீடாகப் பார்ப்பது, கட்டுப்போடுவது, வடிகட்டும் துணி கிழிந்திருந்தால் மாற்றிக் கொடுப்பது, மாதந்தோறும் கணக்குக் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. பலர் அதிகம் படித்தவர்கள் அல்லர்.

நோயின் உண்மையான அளவை வெளியே கொண்டுவந்ததும் இப்படிப்பட்டவர்கள்தான். நடக்க முடியாதவர் மருத்துவமனைக்கு வரமாட்டார். எனவே மருத்துவமனைப் பதிவேட்டில் அவர் இருக்கமாட்டார். நைஜீரியாவில் முதன்முறையாக ஊர் ஊராகச் சென்று எண்ணியபோது ஒரே ஆண்டில் ஆறரை லட்சத்துக்கும் அதிகமானோர் நோயாளிகள் என்று தெரியவந்தது. கானாவில் அதேபோல் எண்ணியதில் சுமார் ஒன்றே முக்கால் லட்சம் பேர். அதன் பிறகுதான் அரசுகள் விழித்துக்கொண்டன.

நம்பிக்கை இல்லாமல் துணி மட்டும் போதாது

வடிகட்டும் துணியைக் கொடுத்தவுடன் மக்கள் பயன்படுத்திவிட்டார்களா? இல்லை.

‘எங்கள் பாட்டன் குடித்த தண்ணீர் இது, இதில் என்ன குறை கண்டீர்கள்?’ என்று கேட்டார்கள். புழு இரத்தத்திலேயே பிறக்கிறது என்று நம்பியவர்கள் உண்டு. செய்வினை என்றவர்கள் உண்டு. தண்ணீர் குடித்து ஓராண்டு கழித்து வரும் நோயைத் தண்ணீரோடு முடிச்சுப் போடுவது யாருக்கும் எளிதல்ல. சில ஊர்களில் குளமே புனிதமானது. அதில் யாரோ வெளியூர்க்காரர் வந்து மருந்து ஊற்றுவதை எப்படி அனுமதிப்பார்கள்?

‘அறியாமை’ என்று ஒரே சொல்லில் இதைத் தள்ளிவிடலாம். அப்படித் தள்ளிய இடங்களில் வேலை நடக்கவில்லை. வென்ற இடங்களில் செய்தது வேறு. அவர்கள் குளத்திலிருந்தே ஒரு பாத்திரத்தில் நீர் மொண்டு, வெளிச்சத்தில் பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பெரியவர்கள் கையில் கொடுத்தார்கள். உள்ளே துள்ளும் பூச்சிகளை அவர்களே பார்த்தார்கள். பிறகு அதே நீரைத் துணியில் வடித்து மறுபடியும் காட்டினார்கள். தம் கண்ணால் கண்ட பெரியவர் ஊராருக்குச் சொன்னார். அவர் சொன்னதை ஊர் கேட்டது.

ஆடு மாடுகளோடு இடம் பெயரும் மக்களும் வயலில் வேலை செய்பவர்களும் குடத்தையும் துணியையும் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. அவர்களுக்காக, முனையில் வலை பொருத்திய சிறு உறிஞ்சு குழாய் உருவாக்கப்பட்டது. கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம், எந்தக் குட்டையிலும் அதன் வழியாக உறிஞ்சிக் குடிக்கலாம். மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதைக் கேட்டு, அதற்கேற்பக் கருவியை மாற்றினார்கள். கருவிக்கேற்ப மக்களை மாறச் சொல்லவில்லை.

தண்ணீர் எடுப்பவர் யார்?

தொடக்கத்தில் பல நாடுகளில் தன்னார்வலர்களாக ஆண்களையே தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் தண்ணீர் எடுப்பதும், வடிப்பதும், பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் பெண்கள். கானாவில் செஞ்சிலுவைச் சங்கத்தின் பெண் தன்னார்வலர்கள் களமிறங்கினார்கள். பக்கத்து வீட்டுச் சமையல் கட்டுவரை போய்த் துணி கிழிந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு பெண்ணால்தானே முடியும்! 2010-இல் கடைசி நோயாளியைக் கண்ட கானா, 2015-இல் நோயற்ற நாடு என்ற சான்றிதழைப் பெற்றது.

இந்தியாவின் அனுபவமும் இதுதான். 1984-இல் தமிழ்நாடு உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் சுமார் 40,000 பேருக்கு இந்நோய் இருந்தது. ராஜஸ்தானில் படிக்கிணறுகள்தான் பெரிய சிக்கல். படியிறங்கி, கணுக்கால் நனைய நின்றுதான் குடத்தை நிரப்ப வேண்டும். அந்தப் படிகளை மூடி, மேலே நின்று இறைக்கும் கிணறுகளாக மாற்றினார்கள். அடிகுழாய் போட்டார்கள். குழாய் பழுதானால் யார் சரிசெய்வது? கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து அவர்கள் கையில் திருப்புளியைக் கொடுத்தார்கள். குழாய் நின்றுபோனால் மீண்டும் நீண்ட தூரம் நடக்க வேண்டியவர்கள் அவர்கள்தானே. அதனால் அது நிற்காமல் பார்த்துக்கொண்டார்கள். 1996-ஆம் ஆண்டு ஜூலையில் ஜோத்பூர் மாவட்டத்தில் காணப்பட்டதுதான் இந்தியாவின் கடைசி நோயாளி. 2000-ஆம் ஆண்டில் உலக சுகாதார அமைப்பு இந்தியாவுக்குச் சான்றளித்தது. நமக்கு முன்பே, 1993-இல் கடைசி நோயாளியைக் கண்ட பாகிஸ்தானும் இதைச் சாதித்திருந்தது.

போரும் நாய்களும்

சூடானில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. குண்டு விழும் ஊரில் வடிகட்டும் துணியை யார் கொண்டுபோவார்? 1995-இல் கார்ட்டர் இரு தரப்போடும் பேசி ஒரு போர் நிறுத்தத்துக்குச் சம்மதம் பெற்றார். ஏறத்தாழ ஆறு மாதங்கள் நீடித்த அது இன்றும் ‘கினிப் புழுப் போர் நிறுத்தம்’ என்றே அழைக்கப்படுகிறது. சண்டையிட்ட இரு தரப்பாரின் பிள்ளைகளும் ஒரே குட்டைத் தண்ணீரைக் குடித்தவர்கள். பிறகு தனிநாடான தென் சூடான் பகுதியில் 2006-இல் 20,000-க்கும் அதிகமாக இருந்த நோயாளிகள், 2018-இல் ஒருவர்கூட இல்லை என்ற நிலைக்கு வந்தார்கள்.

நைஜீரியாவில் முன்னாள் ஆட்சித் தலைவர் யாகூபு கோவோன், மாலியில் அமாதூ துமானி தூரே என்று நாட்டின் பெரிய மனிதர்கள் கிராமங்களுக்குப் போய் மக்களோடு உட்கார்ந்து பேசினார்கள். தன்னார்வலரின் சொல்லுக்கு அது வலுச் சேர்த்தது.

ஆனால் கடைசிப் படிதான் மிகவும் கடினம். சாட் நாட்டில் பத்தாண்டுகள் நோயே பதிவாகவில்லை. 2010-இல் மீண்டும் தலைகாட்டியது. பிறகுதான் தெரிந்தது, நாய்களுக்கும் அதே புழு தொற்றுகிறது. நாய்க்கு எப்படி அறிவுரை சொல்வது? மறுபடியும் ஊர் மக்களிடம்தான் போனார்கள். புழு வெளிவரும் நாயைக் குளத்துப் பக்கம் போகாமல் கட்டிப்போட்டு, அதற்குத் தீனியும் தண்ணீரும் கொடுத்து, மீன் கழிவுகளை நாய் தின்னாதபடி மண்ணில் புதைத்து, மீனை நன்றாக வேகவைத்து உண்ணும்படி கேட்டுக்கொண்டார்கள். தகவல் சொன்னவர்களுக்குப் பரிசும் கொடுத்தார்கள். வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த நாயை வாரக்கணக்கில் கட்டி வைப்பது அந்தக் குடும்பத்துக்குச் சிறிய இழப்பல்ல. இருந்தும் பல குடும்பங்கள் செய்கின்றன.

கடைசிக் கினிப் புழு தமக்கு முன்பே சாக வேண்டும் என்று ஆசைப்பட்டவர் கார்ட்டர். 2024 டிசம்பர் 29 அன்று நூறாவது வயதில் அவர் காலமானபோது அது நிறைவேறவில்லை. அந்த ஆண்டின் 15 நோயாளிகளில் 9 பேர் சாடிலும் 6 பேர் தென் சூடானிலும் இருந்தார்கள். ஒரு நோயாளி தவறவிடப்பட்டாலும் ஒரு குளம் கெட்டுவிடும். அதனால் எண்ணிக்கை குறையக் குறைய விழிப்பு கூட வேண்டியிருக்கிறது.

நமக்கு இதில் என்ன?

நரம்புச் சிலந்தி நம்மை விட்டுப் போய்விட்டது. அதே பட்டியலிலுள்ள மற்ற நோய்கள் போய்விடவில்லை.

யானைக்கால் நோயை எடுத்துக்கொள்வோம். கொசுக்கடியால் பரவும் இதன் கிருமிகள் பல்லாண்டுகள் உடலில் ஓசையின்றி இருக்கும். கால் வீங்கிய பிறகு முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. இதற்கு மாத்திரை உண்டு, அதுவும் இலவசம். நோய் பரவும் பகுதிகளில் ஆண்டுக்கு ஒருமுறை, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், கடும் நோயாளிகள் தவிர மற்ற அனைவருக்கும் கொடுக்கிறார்கள். மக்கள் தொகையில் குறைந்தது 65 விழுக்காட்டினர் தொடர்ந்து சில ஆண்டுகள் விழுங்கினால்தான் பரவல் அறுபடும்.

வாங்குவது வேறு, விழுங்குவது வேறு. ‘எனக்குத்தான் ஒன்றுமில்லையே’ என்று மாத்திரையை அலமாரியில் போட்டுவிடுகிறோம். விழுங்கிய ஒருவருக்கு லேசான காய்ச்சலோ தலைவலியோ வந்தால் ‘மாத்திரையில் ஏதோ இருக்கிறது’ என்று தெருவெல்லாம் பரவிவிடுகிறது. பெரும்பாலும் உடலுக்குள் இருந்த கிருமிகள் சாவதால்தான் அந்தக் காய்ச்சல் வருகிறது. அதாவது மாத்திரை யாருக்குத் தேவையோ அவருக்குத்தான் அது வந்திருக்கிறது. இதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவர் பயந்திருக்க மாட்டார். இந்தக் கிருமி இரவில்தான் இரத்தத்தில் உலவும். அதனால் இரத்தப் பரிசோதனைக் குழு இரவில் வரும். காரணம் தெரியாத வீட்டில் இரவு எட்டு மணிக்குக் கதவைத் தட்டினால் சந்தேகம்தான் எழும்.

2017-இல் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாமின்போது தமிழ்நாட்டில் வாட்ஸ்அப் வதந்திகள் எத்தனை பெற்றோரைத் தயங்க வைத்தன என்பதை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்த வதந்திகளுக்கு எதிராக மருத்துவரின் அறிக்கையைவிட, ‘என் பிள்ளைக்குப் போட்டேன், நன்றாக இருக்கிறான்’ என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன ஒரு வாக்கியம் அதிகம் சாதித்திருக்கும்.

யானைக்காலை ஒழிக்க முடியாது என்று சொல்ல இனி இடமில்லை. இலங்கையும் மாலத்தீவும் 2016-இல் ஒழித்துவிட்டன. பங்களாதேஷ் 2023-இல் யானைக்காலை ஒழித்ததோடு, கருங்காய்ச்சலைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அகற்றிய உலகின் முதல் நாடாகவும் அறிவிக்கப்பட்டது.

தொழுநோயிலும் இதே கதைதான். உணர்ச்சியற்ற தேமலைத் தொடக்கத்திலேயே காட்டினால் இலவச மருந்தில் முழுமையாகக் குணமாகும்; ஊனமும் வராது. ஆனால் வெளியே தெரிந்தால் மகளுக்குச் சம்பந்தம் அமையாது என்ற அச்சத்தில் மறைக்கிறார்கள். அந்த அச்சத்தை உண்டாக்கியது கிருமி அல்ல, நாம்.

ஒவ்வொரு ஊரிலும் ஜமாஅத் இருக்கிறது. மகளிர் குழுக்கள் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை ஊரே கூடும் இடம் இருக்கிறது. ஆப்பிரிக்காவின் சுகாதாரத் துறைகள் பல ஆண்டுகள் பாடுபட்டு உருவாக்கிய ஊர் அமைப்பு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. மாத்திரை வழங்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே சுகாதாரப் பணியாளரை அழைத்து, ஜும்ஆவுக்குப் பிறகு பத்து நிமிடம் பேசச் சொல்லலாம். மக்களின் சந்தேகங்களைக் கேலி செய்யாமல் கேட்டுப் பதில் சொல்லலாம். நிர்வாகிகள் எல்லோர் முன்னிலையிலும் முதலில் தாங்கள் விழுங்கிக் காட்டலாம். பெண்களிடம் பெண்கள் பேசலாம். பள்ளிவாசலைச் சுற்றியும் வீடுகளைச் சுற்றியும் தேங்கும் சாக்கடையை நகராட்சி வரும்வரை காத்திராமல் கவனிக்கலாம். யாருடைய காலாவது வீங்கியிருந்தால், யாருடைய தோலிலாவது உணர்ச்சியற்ற தேமல் இருந்தால், முகம் திருப்பாமல் கைபிடித்து மருத்துவரிடம் அழைத்துப் போகலாம்.

இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிராமத்துத் தாய், ஒரு முழத் துணியை வைத்துக்கொண்டு, மருந்தே இல்லாத ஒரு நோயைத் தன் வாசலோடு நிறுத்திக் காட்டியிருக்கிறாள். மருந்து வீடு தேடி வந்து கையில் கொடுக்கப்படும் நாம் அதை விழுங்காமல் விட்டால், அடுத்த தலைமுறைக்கு என்ன பதில் சொல்வோம்?

சிந்திப்போம், செயல்படுவோம்.